பதினெட்டாறு

விண்ணப்பத்தில் ஒன்பதாம் கட்டம்
முன் அனுபவம் உண்டா என்றது.
ஒரு கோடு இழுத்தேன்.
நீடாமங்கலம் கடைத்தெருவில்
செருப்புக்கடைக்காரர் மகள்,
பி.காம்., இரண்டாம் வகுப்பு.
டெல்டாவில் பிறந்தும்
நெல் எனக்கு வெந்த பிறகுதான் பழக்கம்.

கொள்முதல் நிலையம் என்பது
ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு,
பூட்டு இல்லாத பீரோ,
கோரையாற்றுக் காற்றில் படபடக்கும்
ஆறு தார்ப்பாய்.
எழுத்தர் என்று எனக்கொரு நாற்காலி.

முதல் நாள் குஞ்சம்மாளின் நெல்.
கருவியின் கிண்ணத்தில் ஒரு பிடி போட்டேன்:
பதினெட்டு புள்ளி ஆறு.
பதறிப்போய் இன்னொரு பிடி:
பதினாறு புள்ளி ஒன்பது.
ஈரம் பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாதென்று
சுவரில் ஒட்டியிருந்தது.
எந்த எண்ணை எழுதுவேன் என்று
வரிசைக்கே தெரிந்திருந்தது,
என்னைத் தவிர.
அந்த அம்மாள் முந்தானையால்
ஒரு கண்ணை மட்டும் துடைத்தாள்.
இரண்டாவதை எழுதினேன்.
பின்னால் வந்த எல்லோரும்
இரண்டாவது பிடி கேட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் லோடுமேன்கள்
எனக்குப் பதினெட்டாறு என்று
பேர் வைத்துவிட்டார்கள்.

லாரி வரவில்லை.
பதினோரு நாள்
தைத்த வாயோடு உட்கார்ந்திருந்தன மூட்டைகள்.
நெல் மூச்சு விடும் என்பது
கணக்குப்பதிவியல் பாடத்தில் இல்லை.
கிடங்கில் மறு எடை போட்டபோது
நாற்பது கிலோ
முப்பத்தொன்பதே கால் ஆகியிருந்தது.
'எடையிழப்பு, எழுத்தர் பொறுப்பு' என்று
கார்பன் பதிந்த தாள் ஒன்று வந்தது.
நான் விட்டுக்கொடுத்த ஈரமெல்லாம்
என் இரண்டு மாதச் சம்பளத்தோடு
ஆவியாகிவிட்டது.
அந்தத் தீபாவளிக்கு
அப்பா கடையில் நின்று செருப்பு விற்றேன்.

மற்றதெல்லாம் ஒழுங்கில்லாமல்தான் வந்தது.
கொட்டகைப் பூனை எப்போதும்
குவியலின் ஒரே பக்கத்தில் சுருளும்.
ஒருநாள் அதை விரட்டிவிட்டு
அந்த இடத்தில் கையை விட்டேன், முழங்கை வரை.
காய்ச்சல்காரன் கழுத்துபோல் சுட்டது.
மேலே காய்ந்த நெல் பொய் சொல்லும்,
உள்ளே வயிறு புழுங்கும்.

பல்லும் வேலைக்குச் சேர்ந்தது.
டக்கென்று உடைந்தால் சரி,
அமுங்கினால் பச்சை.
மத்தியானச் சோற்றைக்கூட
கடைவாய் அளந்து பார்த்தது.

தைனீஸுக்கு என் வயதுதான்.
கோணி ஊசியால் ஒரு வாய் தைத்து முடிக்குமுன்
அடுத்த மூட்டையின் எடையைச் சொல்வான்.
நானும் சொல்லிப் பார்த்தேன்.
ஒரு வாரம் சிரித்தான்.
பிறகு ஒருநாள் சிரிக்கவில்லை.

அடுத்த குறுவை.
ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்,
உச்சியில் வெயில், கிழக்கே கறுப்பு.
கலியமூர்த்தியின் டிராக்டர் வந்தது.
மெஷின் அறுப்பு, ராத்திரிப் பனியோடு.
கை விட்டேன். 'பத்தொன்பதே கால்' என்றேன்.
பத்தொன்பது புள்ளி மூன்று என்றது கருவி.
'போன வருஷம் நீ இப்படி இல்லியே.'
அவர் மேல் தப்பில்லை.

நாற்காலியை விட்டு எழுந்தேன்.
குவியலை உடைத்துத் தார்ச்சாலையில் இழுத்தோம்.
அரைமணிக்கொரு தடவை
காலாலேயே உழுதேன்.
பஸ்காரர்கள் ஹாரனால் திட்டினார்கள்.
மூன்றரைக்குப் பதினேழு.
நாற்பத்தொரு மூட்டை தராசு ஏறியது.
மிச்சம் பதினாலு ஏறுவதற்குள்
மழை இறங்கிவிட்டது.
ஒரே தார்ப்பாய்க்கடியில்
அந்தப் பதினாலோடு அவரும் நானும்.
அவர் நன்றி சொல்லவில்லை.
'நேத்தே கொண்டாந்திருக்கணும்' என்றார்,
மழையிடம்.

இந்த வருடப் படிவத்தில்
அந்தக் கட்டம் ஏழுக்கு நகர்ந்திருக்கிறது.
இடம் அதே ஒன்றரை அங்குலம்.
'பருவகாலப் பணி, ஒன்பது மாதம்'
என்று எழுதுகிறேன்.
தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு
'பேருக்குப் பதினெட்டாறுன்னு போடு,
அப்பத்தான் ஆபீஸ்ல தெரியும்' என்கிறான் தைனீஸ்.

வெளியே வரிசையில்
மூன்றாவதாகக் குஞ்சம்மாள்.
முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாள்.
நான்
கையைத் துடைத்துக்கொள்கிறேன்.